டெல்ஃபி வாசலில் எழுதியிருந்தது யாருக்கு?

கேள்வி இதுதான்: “டெல்ஃபி கோயிலில் ‘உன்னையே நீ அறிவாய்’ என்று எழுதி வைத்திருந்தார்களாம். அங்கே போனவர்கள் எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ளப் போனவர்கள். அவர்களிடம் இதை ஏன் சொல்ல வேண்டும்? இது நடைமுறைக்கு உதவும் புத்திமதியா, சும்மா தத்துவ அலங்காரமா?” கூடவே, புகையை முகர்ந்து உளறுவாளாமே ஒரு பெண், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் உண்மையில் கேட்பது, அந்த வாசகத்துக்கும் உள்ளே நடந்த காரியத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது. உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் சில கட்டுக்கதைகளை ஓரமாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வரி: ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பண்டைய வரலாறு நடத்தியவன். கிரேக்கம் நாற்பது வயதுக்கு மேல் கற்றது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸை மெதுவாகப் படிப்பேன், அவ்வளவுதான். அகழாய்வுக் குழியில் இறங்கியவன் இல்லை.

முதலில் வாசகம். கிரேக்க நாட்டில் பர்னாசஸ் மலைச்சரிவில் இருந்த, அப்போலோ தெய்வத்தின் டெல்ஃபி கோயிலின் முன்மண்டபத்தில் அது எழுதியிருந்ததாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்ற பயண எழுத்தாளர் சொல்கிறார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே பிளேட்டோ சொல்லிவிட்டார். அந்த எழுத்துள்ள கல் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. கோயில் கி.மு. 548இல் தீயில் எரிந்தது, 373இல் நிலநடுக்கத்தில் விழுந்தது, இரண்டு முறையும் எழுப்பிக் கட்டினார்கள். ஆகவே எந்தச் சுவரில், எவ்வளவு பெரிய எழுத்தில் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். எழுதியவர் யார் என்பதிலும் அப்படித்தான். பிளேட்டோ ஏழு ஞானிகள் சேர்ந்து காணிக்கையாக வைத்தது என்கிறார், வேறு சிலர் தேலீஸ் என்கிறார்கள், இன்னும் சிலர் ஸ்பார்ட்டாவின் கைலோன் என்கிறார்கள். தமிழில் நாம் இதை சாக்ரடீஸின் வாசகமாகவே கேட்டு வளர்ந்துவிட்டோம். சாக்ரடீஸ் அதை ஓயாமல் எடுத்தாண்டார் என்பது சரி. ஆனால் சரக்கு டெல்ஃபியுடையது.

பலரும் கவனிக்காத ஒன்று, அந்த வாசகம் தனியாக இருக்கவில்லை. பக்கத்திலேயே ‘எதுவும் அளவுக்கு மீற வேண்டாம்’ என்று ஒன்று. மூன்றாவது என்ன தெரியுமா? ‘ஜாமீன் நின்றால் கேடு கிட்டத்தில்.’ ஆமாம், கடனுக்கு ஜாமீன் போடுகிற அதே விவகாரம்தான். வகுப்பில் இதைச் சொன்னால் எப்போதும் சிரிப்பு எழும். யாராவது ஒரு பையன், “எங்க அப்பாகிட்ட யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்” என்பான். ‘உன்னை அறி’ என்ற வாசகம் இந்தக் கூட்டாளிகளோடு நின்றது என்பதே அதன் பொருளுக்குப் பாதி விளக்கம். ஆத்ம விசாரத்துக்கான அழைப்பாக அன்றைய கிரேக்கன் அதைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. நீ மனிதன், சாகப் போகிறவன், உன் அளவு இவ்வளவு, அதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே வா என்பதுதான் பழைய பொருள் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

சரி, உள்ளே என்ன நடந்தது? அருள்வாக்கு தினமும் கிடையாது. மாதத்தில் ஏழாம் நாள் மட்டும், அதுவும் குளிர்கால மூன்று மாதங்கள் நீங்கலாக. அந்த மாதங்களில் அப்போலோ ஊரில் இருக்க மாட்டார் என்பது ஐதீகம். வந்தவர் காணிக்கைப் பலகாரத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஓர் ஆட்டின் மேல் குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். உடம்பு முழுக்கச் சிலிர்த்து, குளம்பு வரைக்கும் நடுங்கினால்தான் உத்தரவு. இல்லாவிட்டால் அன்றைக்கு வாக்கு இல்லை. வரிசையில் முன்னால் போகும் சலுகையும் இருந்தது. கியோஸ் தீவுக்காரர்கள் பெரிய பலிபீடத்தைக் கட்டிக் கொடுத்து அந்தச் சலுகையைப் பெற்றதற்கான கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.

வாக்குச் சொன்னவள் பித்தியா. (ஆங்கில உச்சரிப்பைப் பார்த்துச் சிலர் ‘பைத்தியா’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிற கெட்ட பெயருக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிடுவதால் நான் தவிர்க்கிறேன்.) அவள் டெல்ஃபி ஊர்க்காரி, பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே பூசாரியாகவே இருந்த புளூட்டார்க், தன் காலத்துப் பித்தியா ஏழைக் குடியானவர் வீட்டில் வளர்ந்தவள் என்று எழுதுகிறார். அங்கேயே வேலை பார்த்த அவர் சொல்வதில் வாயில் நுரை தள்ளுவது, உளறுவது எல்லாம் வழக்கமான நடைமுறையாக வரவில்லை. ஒரே ஒரு பயங்கரமான சம்பவத்தை விவரிக்கிறார். ஆடு நடுங்காதபோதும் விடாமல் நீரைக் கொட்டி நடுங்க வைத்து, மனமில்லாத பித்தியாவை உள்ளே அனுப்பினார்கள். குரல் கரகரத்துப் போய்க் கத்திக்கொண்டு வெளியே ஓடி விழுந்தாள். சில நாளில் இறந்துபோனாள். விதிமுறையை மீறியதால் வந்த விபரீதம் என்றுதான் அவர் அதைச் சொல்கிறார்.

புகை விஷயம் இன்னும் தீரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1892இல் தொடங்கிய பெரிய அகழாய்வில் கோயிலுக்கு அடியில் புகை கக்கும் பிளவு எதுவும் அகப்படவில்லை, அதனால் கதை முழுவதும் புனைவு என்று தள்ளிவிட்டார்கள். 2001இல் ஒரு புவியியல் குழு, கோயிலுக்குக் கீழே இரண்டு நிலப்பிளவுக் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன, ஊற்றுநீரில் எத்திலீன் தடயம் இருக்கிறது என்று சொன்னது. எத்திலீன் லேசான இனிப்பு வாசனை உள்ள, மயக்கம் தரக்கூடிய வாயு. புளூட்டார்க்கும் அந்த அறையிலிருந்து சில சமயம் நறுமணம் வரும் என்று எழுதியிருப்பதால் செய்தித்தாள்கள் குதித்தன. 2006இல் வேறொரு குழு அளந்து பார்த்து, அங்கே மீத்தேன் வருகிறது, எத்திலீனுக்குச் சான்று போதாது என்றது. புவியியல் எனக்குத் தொழில் இல்லை, ஆகவே தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் உண்டாக்குவது வேறொரு கணக்கு. ஜோசப் ஃபான்டன்ரோஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1978இல் டெல்ஃபி வாக்குகள் என்று நமக்கு வந்து சேர்ந்திருப்பவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து அலசினார். 500க்கும் மேற்பட்டவை. அவற்றில் வாக்கு சொல்லப்பட்ட காலத்துக்குப் பக்கத்திலேயே பதிவானவை என்று அவர் ஒப்புக்கொண்டது 75தான். அந்த 75இல் விடுகதை அநேகமாக இல்லை. ‘இந்தப் பலியைக் கொடு’, ‘இந்தச் சட்டம் செய்தால் நல்லது’, ‘ஆம், அங்கே குடியேறலாம்’. இப்படித்தான், அரசாங்க அலுவலகக் குறிப்பு மாதிரி. கேட்பதும் பெரும்பாலும் ஒரே அச்சில்தான்: ‘இன்னதைச் செய்வது எனக்கு மேலானதா, நல்லதா?’ அவர் வகைப்படுத்தியதோடு எல்லோரும் உடன்படவில்லை, கொஞ்சம் கறார் பேர்வழி. ஆனால் பொதுவான முடிவு நிற்கிறது: இரட்டை அர்த்தமுள்ள, கேட்டவனைக் கவிழ்த்துவிடும் அந்தப் பிரபலமான வாக்குகளில் பெரும்பாலானவை பிற்பாடு சொல்லிச் சொல்லி வளர்ந்த கதைகள்.

கதைதானே என்று விட்டுவிடலாமா? கூடாது. டெல்ஃபியில் என்ன நடந்தது என்பதற்குச் சான்றாக அவை பலவீனமானவை. டெல்ஃபியைப் பற்றிக் கிரேக்கர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவற்றை விட்டால் நல்ல சான்று இல்லை. நீங்கள் கேட்கும் சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது.

ஹெரோடோட்டஸ் சொல்லும் குரோசஸ் கதையை எடுத்துக்கொள்வோம். லிதியா நாட்டு ராஜா, தலைநகர் சார்டிஸ், பணத்துக்குப் பஞ்சமே இல்லை. எந்தக் கோயில் நிஜமாகவே வாக்குச் சொல்கிறது என்று சோதிக்க ஏழு இடங்களுக்கு ஆள் அனுப்புகிறான். புறப்பட்ட நாளிலிருந்து எண்ணி நூறாவது நாள், ‘இப்போது எங்கள் ராஜா என்ன செய்கிறார்?’ என்று கேட்க வேண்டும். அன்றைக்கு அவன் யாராலும் ஊகிக்க முடியாத ஒன்றைச் செய்கிறான்: ஆமையையும் ஆட்டுக்குட்டியையும் வெட்டி, வெண்கலப் பானையில் போட்டு, வெண்கல மூடி போட்டு வேக வைக்கிறான். ராஜாவே அடுப்படியில். டெல்ஃபி மட்டும், கெட்டி ஓட்டு ஆமை ஆட்டிறைச்சியோடு வேகும் வாசனை வருகிறது, கீழேயும் வெண்கலம் மேலேயும் வெண்கலம் என்று சொல்லிவிடுகிறது. அசந்துபோய் 117 பொன் கட்டிகளும், பத்து தாலந்து எடையில் ஒரு தங்கச் சிங்கமும் இன்னும் என்னென்னவோ அனுப்புகிறான். அப்புறம்தான் தன் சொந்தக் கேள்வி: பாரசீகர்கள் மேல் படையெடுக்கலாமா? பதில் உங்களுக்கே தெரியும்: எடுத்தால் ஒரு பெரிய சாம்ராஜ்யத்தை அழிப்பாய். எல்லையான ஹாலிஸ் ஆற்றைத் தாண்டினான், அழிந்தது அவனுடைய சாம்ராஜ்யம். கி.மு. 546 வாக்கில் சார்டிஸ் பாரசீக ராஜா சைரஸின் கைக்குப் போனது.

பொதுவாக இதை, தெய்வம் வார்த்தை ஜாலம் காட்டி ஏமாற்றியதாகச் சொல்கிறார்கள். ஹெரோடோட்டஸ் அப்படி எழுதவில்லை. தோற்றபின் குரோசஸ் ஆள் அனுப்பி டெல்ஃபியிடம் நியாயம் கேட்கிறான். வந்த பதில்: எந்தச் சாம்ராஜ்யம் என்று நீ திரும்பக் கேட்டிருக்க வேண்டும்; புரிந்துகொள்ளவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை, உன்னையே நொந்துகொள். குரோசஸும் தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்கிறான். படை புறப்படும் முன் வரும் ஒரு சின்னக் காட்சி எனக்கு இதைவிடப் பிடிக்கும். சாந்தனிஸ் என்ற லிதியன் ஒருவன் வந்து சொல்கிறான்: “ராஜா, அவர்கள் தோலில் கால்சட்டை போடுகிறவர்கள். விரும்பியதைச் சாப்பிடுவதில்லை, கிடைத்ததைச் சாப்பிடுகிறார்கள். திராட்சை மது கூடக் கிடையாது, தண்ணீர்தான். ஜெயித்தால் அவர்களிடமிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்கள்? தோற்றால் எவ்வளவு போகும், யோசித்தீர்களா?” இதைச் சொல்ல டெல்ஃபி தேவையில்லை, மூளை இருந்தால் போதும். இலவசமாக வந்த யோசனை, காதில் ஏறவில்லை. அவன் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. தங்கச் சிங்கம் கொடுத்து வாங்கியது ஒப்புதலை மட்டும்தான்.

இதே குரோசஸைப் பற்றி, சாக்ரடீஸோடு பழகிய ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோன் வேறு மாதிரி எழுதுகிறார். சைரஸைப் பற்றிய அவருடைய நூல் வரலாறு என்ற பெயரில் பாதிக்கு மேல் கற்பனை, அதை மறக்க வேண்டாம். அதில் சிறைபட்ட குரோசஸ் சைரஸிடம் சொல்கிறான்: எப்படி வாழ்ந்தால் சுகமாக இருப்பேன் என்று கேட்டேன், ‘உன்னை அறிந்தால் சுகமாக வாழ்வாய், குரோசஸ்’ என்று வாக்கு வந்தது, சந்தோஷப்பட்டேன், இதைவிடச் சுலபமானது உண்டா, அடுத்தவனை அறிவதுதான் கஷ்டம், தன்னைத் தனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அப்புறம் என்ன ஆயிற்று? சுற்றி இருந்தவர்கள் நீங்கள்தான் தலைமை ஏற்க வேண்டும் என்று புகழ்ந்தார்கள், தகுதி உண்டு என்று நம்பிவிட்டான். வாசலில் இருந்த வாசகத்தையே உள்ளிருந்து வரும் வாக்காக மாற்றிவிட்டார் செனபோன்.

செனபோனுக்கு இதில் சொந்த அனுபவம் இருந்தது. கி.மு. 401இல் ஒரு நண்பர், பாரசீக இளவரசன் இளைய சைரஸிடம் (மேலே சொன்ன சைரஸ் வேறு) கூலிப்படையில் சேர வா என்று அவருக்குக் கடிதம் எழுதினார். வாலிபரான செனபோன் சாக்ரடீஸிடம் யோசனை கேட்டார். இளைய சைரஸ் ஏதென்ஸின் எதிரிகளான ஸ்பார்ட்டாவுக்கு உதவியவன், ஊரில் பெயர் கெடும் என்று சாக்ரடீஸுக்குக் கவலை. டெல்ஃபி போய்க் கேள் என்றார். செனபோன் போனார், கேட்டார்: “நான் நினைத்திருக்கும் பயணத்தை நல்லபடியாக முடித்துத் திரும்ப எந்தெந்தத் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும்?” பெயர்கள் வந்தன. ஊருக்கு வந்து சொன்னதும் சாக்ரடீஸ் கடிந்துகொண்டார்: போகலாமா இருக்கலாமா என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? போவது என்று நீயே தீர்மானித்துக்கொண்டு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறாய். சரி, கேட்டது கேட்டாயிற்று, சாமி சொன்னபடி செய். போனார். இளவரசன் போரில் செத்தான், பத்தாயிரம் பேரை நடத்திக்கொண்டு திரும்பும் பொறுப்பில் அவருக்கும் பங்கு வந்தது. பிற்பாடு ஏதென்ஸ் அவரை நாடு கடத்தியது. சாக்ரடீஸின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்கவும் முடியவில்லை. இத்தனையும் தெரிந்த பிறகு, தான் கேள்வியைத் திருப்பிப் போட்டதை மறைக்காமல் அவரே எழுதி வைத்திருக்கிறார். டெல்ஃபி பற்றி நம்மிடம் இருக்கும் எழுத்துகளில் நேரில் போய்க் கேட்டவன் தானே சொல்லும் சாட்சியம் அபூர்வம். குரோசஸ் கதையைவிட இதற்கு எடை அதிகம்.

நான் வகுப்பில் ஒரு விளையாட்டு வைப்பேன். டெல்ஃபிக்குப் போகிறீர்கள், ஒரே ஒரு கேள்வி, பெயர் போடாமல் சீட்டில் எழுதுங்கள். நாற்பது சீட்டில் முப்பதுக்கு மேல் ‘எப்போது’, ‘எப்படி’ என்றுதான் இருக்கும். எப்போது வேலை கிடைக்கும், எப்படி வீட்டில் சம்மதிக்க வைப்பது. ‘இது எனக்கு வேண்டுமா?’ என்று எழுதியவர்கள் ஆண்டுக்கு ஒருவர் இருவர். இது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, செனபோனைக் கேலி செய்து சிரித்தவர்களிடம் அவரவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

ஆகவே நடைமுறைக்கு உதவுமா என்ற கேள்விக்கு என் பதில்: வாக்கு கேட்கப் போகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது, தான் எதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம் என்ற அறிவு. அது இல்லாமல் கேட்டால் எந்தப் பதிலும் தன் பக்கமாகத்தான் சாயும். டெல்ஃபிப் பூசாரிகள் இந்த எண்ணத்தோடுதான் வாசகத்தை வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்குச் சான்று இல்லை. கிரேக்கர்கள் சொன்ன கதைகள் அந்தத் திசையில் கை காட்டுகின்றன என்பதுவரைதான் சொல்ல முடியும்.

தன்னை அறிவது என்றால் என்ன என்பதற்கும் செனபோனிடமே ஒரு காட்சி இருக்கிறது. நிறையப் புத்தகம் சேர்த்து வைத்து, எல்லாம் தெரியும் என்று மிதப்பில் திரியும் யூதிடிமஸ் என்ற இளைஞனிடம் சாக்ரடீஸ் கேட்கிறார், டெல்ஃபி போயிருக்கிறாயா? இரண்டு முறை. அந்த வாசகத்தைப் பார்த்தாயா? பார்த்தேன். யோசித்தாயா? இல்லை, என்னை எனக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். அதற்கு சாக்ரடீஸ் குதிரை வாங்குகிறவனைக் காட்டுகிறார். பெயர் தெரிந்தால் குதிரையைத் தெரிந்ததாகுமா? அடங்குமா முரண்டு பிடிக்குமா, பலம் உண்டா, வேகம் உண்டா, நாம் வாங்கும் வேலைக்கு ஆகுமா என்று பார்த்தால்தானே. அதுபோல, மனிதன் செய்ய வேண்டிய காரியத்துக்குத் தான் எவ்வளவு ஆவோம் என்று பார்த்துக்கொள்வதே தன்னை அறிவது. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரியான விஷயம். இதையே பிளேட்டோவின் ஓர் உரையாடலில் கிரிட்டியாஸ் என்பவர் மிக அழகாக, அது தெய்வம் பக்தனுக்குச் சொல்லும் வணக்கம் என்றெல்லாம் விளக்குவார். அதே கிரிட்டியாஸ்தான் கி.மு. 404இல் ஏதென்ஸை ரத்தத்தில் மூழ்கடித்த முப்பது கொடுங்கோலர்களில் முன்னால் நின்றவர். பிளேட்டோ வேண்டுமென்றேதான் அந்த வாயில் அந்தப் பேச்சை வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கி.மு. 480இல் பாரசீகப் படையெடுப்பின்போது ‘மரச்சுவர்’ காப்பாற்றும் என்று ஏதென்ஸுக்கு வாக்கு வந்தபோது, அது கோட்டை மேட்டின் பழைய முள்வேலி என்றார்கள் சிலர். மரம் என்றால் கப்பல் என்று ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டகிளீஸ் வாதாடி ஜெயித்தார். அவர் சில ஆண்டுகளாகவே லௌரியம் சுரங்க வெள்ளியைக் கப்பலுக்குச் செலவழிக்க வைத்தவர். ஏதென்ஸிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்ற கணக்கு அவர் கையில் இருந்தது. அவரும் தனக்கு வேண்டியதைத்தான் வாக்கில் படித்தார் என்றால் மறுக்க மாட்டேன்.

இவ்வளவும் ராஜாக்கள், தளபதிகள். சாதாரண ஆட்கள் என்ன கேட்டார்கள் என்று தெரிய டெல்ஃபியை விட்டு வடமேற்கே எபிரஸ் பக்கம், சியூஸின் கோயில் இருந்த டொடோனாவுக்குப் போக வேண்டும். அங்கே கேள்வியை மெல்லிய ஈயத் தகட்டில் கூரிய முனையால் கீறி, சுருட்டியோ மடித்தோ கொடுப்பார்கள். பழைய தகட்டைத் தேய்த்து மறுபடி எழுதியதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைத்து வந்தவற்றில் 4,000க்கும் மேற்பட்ட வாசகங்கள் 2013இல் மொத்தமாகப் பதிப்பிக்கப்பட்டன. ஆடு வளர்த்தால் கட்டுப்படியாகுமா என்று ஒருவர். காணாமல் போன போர்வைகளையும் தலையணைகளையும் வெளியாள் யாராவது திருடினாரா என்று அகிஸ் என்பவர். இவர்கள் யாரும் சாம்ராஜ்யம் கேட்கவில்லை. லிசானியாஸ் என்று ஒருவன், அன்னுலா சுமக்கிற குழந்தை தன்னுடையது இல்லையா என்று கேட்கிறான். எழுத்துக்கூட்டிக் கிரேக்கம் படிக்கத் தொடங்கிய முதல் வருடம் நான் படித்த தகடுகளில் அதுவும் ஒன்று. சின்ன வாக்கியம், இலக்கணம் சுலபம். தகடுகளில் பெரும்பாலும் கேள்வி மட்டும்தான் இருக்கும், பதிலை வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. லிசானியாஸின் தகட்டிலும் பதில் இல்லை.